ஆறாவது இடம்

மஹ்ரூப் முதலாளி எப்படி முன்னுக்கு வந்தார் என்று திருகோணமலைத் துறைமுகப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: மனிதர் ஒழுங்கு. விடியமுன் சுபஹு தொழுதுவிட்டு முதல் ஆளாக வந்து தன் ஐஸ் தொழிற்சாலையைத் திறப்பார். குரல் உயர்த்த மாட்டார். கொடுத்த வாக்கை மாற்ற மாட்டார். வேலையாட்களோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு முதல் பலி ஸுஹைர். இளம் வயதில் மூதூரில் அவரோடு ஒரே தோணியில் கடலுக்குப் போன கூட்டாளி. இப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லார் முன்னாலும் "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டான். முதலாளி திரும்பியே பார்க்கவில்லை. ஸுஹைர் கெட்டிக்காரன், அதன்பிறகு அப்படிக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு அது மஹ்ரூபுக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. மனைவி நோயில் மௌத்தாகி, பிள்ளைகளும் வெளிநாடு போய், வீட்டில் கதைக்க ஆளில்லாமல் போன பிறகுதான் அந்த ஒரு சொல்லுக்காக மனசு ஏங்கத் தொடங்கியது.

அந்தச் சொல்லை ஒருமுறை காதால் கேட்கத்தான் ஸுஹைரின் மகள் றஹ்மாவின் கலியாணத்துக்கு மூதூர் போனார். பந்தலில் பாய் விரித்து, ஒரு சஹனுக்கு ஆறு பேராக, பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மட்டும் மூலையில் மேசை, கதிரை, தனித் தட்டு, கரண்டி.

"இஞ்சால வாங்க முதலாளி. உங்களுக்குக் கீழ இருக்க ஏலாதே," என்றான் ஸுஹைர்.

"ஏன் ஏலாது? நானும் சஹன்லயே தின்பன்."

தொழிற்சாலைப் பெடியன்கள் ஐந்து பேர் இருந்த சஹனில் ஓர் இடம் காலியாக இருந்தது. மஹ்ரூப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். அதுவரை கேட்ட சிரிப்பு நின்றுபோனது. ஐந்து கைகளும் இறைச்சியை அவர் பக்கமே தள்ளின. அவர் திருப்பித் தள்ளினார். ஒருவரும் தொடவில்லை.

"தின்னுங்க," என்றார். அன்பாகத்தான் சொல்ல நினைத்தார். வந்தது தொழிற்சாலைக் குரல்.

பெடியன்கள் அவசரமாக இரண்டு வாய் தின்றார்கள். "வயிறு நிறைஞ்சிட்டு முதலாளி," என்று ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். பயத்தைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவர்தான், இன்றைக்கு அது காய்த்திருந்தது. ஆறு பேருக்கான சோற்றின் முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்த ஸுஹைரை நிமிர்ந்து பார்த்தார். "நீயாவது என்னோட இரன், மச்சான்."

ஸுஹைர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தான். பிறகு மரியாதையாக, மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பரவாயில்ல முதலாளி. நான் பொறகு தின்பன்."

மஹ்ரூப் கை கழுவி, சலாம் சொல்லி, வாகனத்துக்கு நடந்தார். கதவைத் திறக்கும்போது பின்னால் ஸுஹைரின் குரல் கேட்டது.

"வாங்க மச்சான்மாரே, சோறு ஆறுது."

திரும்பிப் பார்த்தார். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு அதே சஹனுக்கு வந்திருந்தார்கள். ஆறாவது இடத்தில் ஸுஹைர் உட்கார்ந்திருந்தான்.