தேவராஜ் சந்து

"இன்னாமா, தேவராஜ் சந்துன்னு போட்டா மேப்ல ஒன்னுமே வர்ல? கரையான்சாவடி சிக்னலாண்ட வண்டிய வெச்சுகினு நிக்கிறேன்," என்று போனில் கத்தினார் ஃப்ரீசர் பெட்டி கொண்டுவரும் வேன்காரர்.

சுரேகா கேட்டைப் பிடித்தபடி வழி சொன்னாள். உள்ளே கூடத்தில் அவள் அப்பா தேவராஜ் பாயில் கிடந்தார். அந்தப் பெயரை வரைபடத்தில் ஏற்றியதும் அவள்தான். முந்தாநாள் அழித்ததும் அவள்தான்.

காலேஜில், மழைத்தண்ணீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்று ஒரு புராஜெக்ட். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தைத் திறந்தால், ஏரியாவில் பாதித் தெருக்கள் பெயரில்லாத கோடுகள். ஞாயிறுதோறும் தேவராஜ் அவளை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பெயர் விசாரிக்க டீக்கடையில் நிற்க வேண்டும். நின்றால் போண்டா தின்ன வேண்டும். நகர ஆராய்ச்சி அந்த வேகத்தில் நடந்தது. வரைபடத்தைவிட அவர் தொப்பைதான் சீக்கிரம் விரிந்தது.

சொந்தச் சந்துக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. பால்காரர் 'அந்த சந்து' என்பார். போஸ்ட்மேன் பெருமூச்சு விடுவார். சுரேகா விளையாட்டாக 'தேவராஜ் சந்து' என்று போட்டுவிட்டாள். பார்சல் கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஊரே சொல்ல ஆரம்பித்தது.

தேவராஜ் பதறினார். "உசுரோட கீறவன் பேர்ல எவனாச்சும் தெரு வெப்பானா? எட்த்துடு. நான் போய்ட்டப்புறம் வெச்சுக்கோ."

"அத யாரு நைனா பாக்கப்போறாங்க?"

"எமனும் மேப் பாத்துகினுதான வருவான்?"

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதும் அதையே கேட்டார். அவர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டினாள். அந்த வெறுங்கோட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

பெட்டி வந்து, அவரை அதற்குள் வைத்தார்கள். சுரேகா வாசலுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தாள். இப்போது அவருக்குத் தகுதி வந்துவிட்டது. 'தே' என்று அடித்தாள். அழித்தாள். பெயரைத் திரும்ப வைத்தால் அவர் போனது உறுதியாகிவிடும் போலிருந்தது.

"பொணத்த ஊட்ல வெச்சுகினு போன நோண்டுற?" சித்தப்பா கிருபாகரன் போஸ்டர் சுருளோடும் பசை வாளியோடும் வந்தார். சந்து முனைச் சுவரில் ஒன்றை விரித்து ஒட்டினார். கண்ணீர் அஞ்சலி. அப்பாவின் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் விலாசம்.

"சித்தப்பா, தேவராஜ் சந்துன்னே போட்டுட்டீங்களா?"

"வேற இன்னா போடுறது? இதுக்கு வேற பேரு எதுனா கீதா?" அடுத்த சுவரைப் பார்த்துப் போனார்.

சுரேகா முழுப் பெயரையும் அடித்தாள். தகவல் எங்கே கிடைத்தது என்று வரைபடம் கேட்டது. 'நேரில் பார்த்தது' என்று அடித்து அனுப்பினாள்.

பசை காயாத போஸ்டரின் ஒரு மூலை காற்றில் சுருண்டது. உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.