ஆளுக்கொரு கடைசித் தேதி

பாத்திரக்கடைக்காரர் மட்டும் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தையல்கடைக்காரி நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்தவர். வந்த வேலையோடு போகிற ஆள் இல்லை.

"என்ன தங்கச்சி, பில்லையெல்லாம் பையில போட்டு அமுக்கிட்டிருக்கே?"

"ஆடிட்டர்கிட்ட கொடுக்கத்தான் அண்ணே. கடைக்கான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய இருபதாம் தேதிதானே கடைசி?"

"இருபதா? எனக்கு அஞ்சாம் தேதியோட முடிஞ்சுதுன்னு நம்ம ஆடிட்டர் சொன்னாரே! நான் எட்டாம் தேதி ஓடிப்போய்க் கையைக் காலைப் பிடிச்சுல்ல கொடுத்துட்டு வந்தேன்!"

இஞ்சு டேப் அவள் கையிலேயே நின்றது. தனி ஆளுக்கு ஒரு கெடு, வியாபாரத்துக்கு ஒரு கெடு என்று ஆடிட்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அவருடையதும் கடை, இவளுடையதும் கடை. ஒரே தெரு, ஒரே அரசாங்கம். தேதி மட்டும் எப்படி இரண்டாகும்?

சாயங்காலம் நூல் வாங்கப் போகிறவள் போல வரி அலுவலகம் வரைக்கும் நடந்தாள். வாசல் கண்ணாடிக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடைகளுக்குக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. பாத்திரக்கடைக்காரருக்குச் சொன்னதும் பொய், தனக்குச் சொன்னதும் பொய். நாலு வருஷமாக அந்த மனிதர் சொன்ன தேதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு தடவைகூட வந்து பார்க்காதது தன் முட்டாள்தனம்தான் என்று தோன்றியது.

வேறு ஆடிட்டராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கணக்கை மாற்றிக்கொண்டு போயிருப்பாள். இவரோ போன வாரம்தான், டீ ஆறிப்போகிற வரைக்கும் தயங்கித் தயங்கி, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கையிடம் சொன்னாள். தங்கை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் சம்பாத்தியம் எவ்வளவுன்னு அந்த ஆளுக்கு அத்துப்படி. பேப்பரை பத்து நாள் முன்னாடியே எதுக்குக் கேக்கணும்? நிதானமா அளந்து பாக்கத்தான். தேறுமா தேறாதான்னு பாத்துட்டுத்தான் கல்யாணப் பேச்சே எடுத்திருப்பாரு."

"சே, அப்படிப்பட்ட ஆளாத் தெரியல."

"முதல் மாப்பிள்ளையும் அப்படித் தெரியலதானே?"

அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. முதல் புருஷன் அவள் சேமிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனபோது தையல் மெஷின் மட்டும்தான் மிஞ்சியது. சூடு கண்ட பூனை அவள். படுத்தபின் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பில்களைப் புரட்டும்போது அவர் ஏன் அவ்வளவு மெதுவாகப் புரட்டுவார்? தான் போகிற நாளில் மட்டும் ஆபீஸில் ஏன் ஈ காக்கை இருக்காது? "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று எதற்கு மூன்று தடவை கேட்பார்? நேற்றுவரை இனித்ததெல்லாம் இப்போது வேறு முகம் காட்டியது.

இருபதாம் தேதி அவள் போகவில்லை. போன் வந்தது, எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மறுநாளும் வந்தது. 'பார், பேப்பருக்கு எப்படித் துடிக்கிறார்!' என்று தங்கை சொல்லாததையும் இவளே சொல்லிக்கொண்டாள்.

முப்பதாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். ஆபீஸ் சந்தைக்கடையாக இருந்தது. பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஒருவர் ஷூ பெட்டி நிறைய ரசீதுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, "போன வருஷம் மாதிரியே போட்டுடுங்க சார்" என்று கெஞ்சினார். ஆடிட்டர் தலை கலைந்து, சட்டைக் கையெல்லாம் மையாக உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"வந்துட்டீங்களா! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நான் பயந்தே போனேன்."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்குத்தானே நிஜமான கடைசி நாள்?"

பெஞ்சில் பேச்சு அடங்கியது. ஷூ பெட்டிக்காரர் நிமிர்ந்து, "என்னது, இன்னைக்கா? எனக்கு ஒண்ணாம் தேதியே முடிஞ்சதுன்னாரே! அபராதம் கட்டணுமேன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல!" என்றார்.

"தூங்கியிருந்தா இன்னைக்கும் வந்திருக்க மாட்டீங்க" என்றார் ஆடிட்டர். பிறகு இவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் பொய்த் தேதிதானா?" என்றாள் அவள், உட்காராமலே.

"எல்லாருக்கும்தான். யார் எவ்வளவு தாமதம் பண்ணுவாங்களோ அவ்வளவு முன்னாடி தள்ளிச் சொல்வேன். இல்லேன்னா ஒருத்தரும் கெடுவுக்குள்ள வர மாட்டாங்க."

"நான் என்னைக்காவது தாமதமா வந்திருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் எனக்கு எதுக்குப் பத்து நாள்? என் கணக்கை அளந்து பாக்கவா?"

அவர் முகம் சுண்டிப்போனது. கதவைக் கொஞ்சம் திறந்து வெளியே காட்டினார். "அங்க பாருங்க. நிஜத் தேதியைச் சொல்லியிருந்தா நீங்க இந்தக் கூட்டத்துலதான் வந்திருப்பீங்க. பையை மேஜைமேல வச்சுட்டு, சரிங்க சார்னு போயிருப்பீங்க. இருபதாம் தேதி இங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு டீ குடிக்கலாம். உங்க பில்லை புரட்டி முடிக்க அஞ்சு நிமிஷம் போதும். நான்தான் அரை மணி நேரம் புரட்டுவேன்."

நம்பலாம் போலிருந்தது. நம்பலாம் போலிருந்ததாலேயே பயமாகவும் இருந்தது.

"பொய் பொய்தான்" என்றாள். "இனிமே எனக்கு நிஜத் தேதி மட்டும்தான். வரிக்கும் சரி, எதுக்கும் சரி."

"சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். நானே போய்ப் பாத்துக்கிறேன். கண்ணாடியில ஒட்டியிருக்காங்க."

பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த... இன்னொண்ணு கேட்டிருந்தேனே?"

"அதுக்கா? அடுத்த மாசம் முப்பதாம் தேதி சொல்றேன்."

படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பதில் உள்ளறையிலேயே முடிவாகிவிட்டது. இந்த மனிதரும் கொஞ்ச நாள் தூங்காமல் கிடக்கட்டும். அடுத்த மாதம் இருபதாம் தேதியே, ஆபீஸில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டீ நேரத்துக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.