நான்காவது பாட்டுக்கு மூட்டை வேணும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, மிளகு வாங்கத்தான் நாகலூர் போனேன். பஸ்ஸுக்காக நின்ற பெட்டிக்கடையில் ஒரு ராப் பாட்டு ஓடியது. பாடுகிறவன் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுவதுபோல் அத்தனை நெருக்கம். எதிரொலி பொட்டுக்கூட இல்லை. எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று கேட்டேன்.

"ஸ்டுடியோவாவது ஒண்ணாவதுங்க," என்றார் கடைக்காரர் வெங்கடேஷ். "நம்ம எஸ்டேட் குடோன்ல, காப்பி மூட்டைக்கு நடுவால நின்னு பாடறாங்க."

மிளகு மறந்துபோயிற்று. பஸ்ஸையும் விட்டேன்.

2

முதல் வரிக்கு ஒரு முயற்சி: "சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தில் மூன்று இளம் நெஞ்சங்கள்..." (வேண்டாம். லாட்ஜ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

இன்னொன்று: "ஜாபெஸ் மைக்கைப் பிடித்ததும் மலையே..." (மலை ஒன்றும் செய்யாது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். குழுவின் பெயர் கம்பளி பாய்ஸ். ஜாபெஸ் ராப் பாடுவான். பாலகுமார் லேப்டாப்பில் தாளம் போடுவான். அவன் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், குடோன் சாவி கிடைத்தது அந்த வழியில். மூன்றாவது பாய், ஷெர்லின் என்கிற பெண்.* 'கொண்டை ஊசி', 'சில்வர் ஓக்', 'ஞாயித்துக்கெழம பஸ்' என்று இதுவரை மூன்று பாட்டு. மூன்றிலும் அவளுக்குப் பல்லவி மட்டும்தான். சர்ச்சில் பாடுகிறவள், இனிமையான குரல், பல்லவி போதும் என்று பையன்கள் இருவரும் கூடி முடிவு கட்டியிருந்தார்கள்.

* குழுவின் பெயரை மாற்றலாமே என்று அவள் கேட்டதற்கு, "போஸ்டர் அடிச்சாச்சே" என்று ஜாபெஸ் சொன்னதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அவன் அவ்வளவு மோசமில்லை என்று நீக்கினேன். ஆனால் சொல்லக்கூடியவன்தான்.

3

பறித்த காப்பி காய்ந்து மூட்டையாகிக் குடோன் நிறையும் சில வாரங்கள்தான் இவர்களுக்கு ரெக்கார்டிங் சீசன். எதிரொலியை விழுங்குவது மூட்டைகள்தான். அவை லாரி ஏறிவிட்டால் அது வெறும் தகரக் கொட்டகை. தும்மினால் நாலு பேர் தும்மியதுபோல் கேட்கும்.

நான்காவது பாட்டுக்கு ஷெர்லின் சொந்தமாகப் பதினாறு வரி எழுதிவிட்டாள். சென்னையில் ஒரு கம்பெனி பாட்டை ஞாயிற்றுக்கிழமையே வெளியிடச் சம்மதித்திருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அந்தப் பதினாறு வரியில் அவள் யாரிடமும் சொல்லாத சேதி ஒன்று இருந்தது. அம்மா ஜெயகுமாரி களத்தில் காப்பி காயவைக்கிறவர். போதகர் வீட்டுக்கு நடையாய் நடந்து, மகளுக்குச் சேலத்தில் நர்சிங் சீட் வாங்கியிருந்தார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஷெர்லினுக்குப் போக மனமில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் பாட்டில் எழுதிவிட்டாள். பாட்டு வெளியே வரட்டும், யாராவது போய் அம்மாவிடம் சொல்லட்டும் என்பது கணக்கு. கோழைத்தனம்தான். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனதும் அந்த இடத்தில்தான்.

4

சனிக்கிழமை பையன்கள் பாடி முடித்து, ஷெர்லின் மைக் முன்னால் வந்து நின்றபோது வெளியே ஹாரன் கேட்டது. திங்கட்கிழமை வரவேண்டிய லாரி இன்றே குப்பனூர் வழியாக ஏறி வந்துவிட்டது. (லாரியைத் தாமதப்படுத்த என்னால் முடியும். டயரைப் பஞ்சராக்கிக்கூடப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துக்கொண்டது. ஒட்டுப்போட்டு அனுப்பிவிட்டேன்.)

மூட்டை தூக்க வந்த செங்கோடன் நல்ல மனிதர். "ஏங்கண்ணு, நீ பாட்டுக்குப் பாடு. நாங்க சத்தமில்லாம எடுத்துக்கறோம்" என்றார். ஆனால் பதற்றத்தில் ஷெர்லினுக்கு வரி தடுமாறியது. திரும்பத் திரும்பப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் மூட்டை குறைய, குரல் தகரத்தில் மோதி அலைந்தது. கடைசி மூட்டையும் போனபின் பாலகுமார் ஹெட்போனைக் கழற்றினான்.

"கெணத்துக்குள்ள பாடற மாதிரி கேக்குது. இந்தத் தடவையும் பல்லவியே இருக்கட்டும் ஷெர்லின்."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "எனக்கு மூட்டை வேணும்."

"மூட்டையெல்லாம் மலையெறங்கப் போகுது. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போது ஜாபெஸ், நான் இந்தக் கதை முழுக்க நம்பாத ஜாபெஸ், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் சுவரோடு சுவராகப் போய் நின்றான். "இப்பத் தட்டிப் பாரு."

பாலகுமார் கைதட்டினான். எதிரொலி துளி குறைந்தாற்போலிருந்தது. "இன்னும் ஆளு வேணும்டா."

5

இதை எழுதும்போது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. செங்கோடன் களத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். ஸ்வெட்டர், கம்பளி, சாக்கு என்று கையில் அகப்பட்டதைப் போர்த்திக்கொண்டு சனம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். என்ன பாட்டு, யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. பாலகுமார் மறுபடி தட்டினான். சத்தம் விழுந்த இடத்திலேயே செத்தது. அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, எனக்கும்தான்.

ஷெர்லின் மைக் பக்கம் திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில், முன்வரிசையில், சாக்கைப் போர்த்திக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

"நல்லாப் பாடு சாமி. நொம்ப நேரம் நிக்க முடியாது, களத்துல காப்பி கெடக்குது."

6

மகள் அந்தச் சேதியை மட்டும் விழுங்கிவிடுகிறாள், பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று ஒரு முடிவு எழுதினேன். அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். அம்மா கட்டிப்பிடித்து அழுகிற முடிவும் இருக்கிறது. எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்றாவதில் அம்மா பாதியில் வெளியே போகிறார், அவர் நின்ற இடம் காலியாகி, அடுத்த வரியிலிருந்து குரல் எதிரொலிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு எதிரொலிக்காக அந்த அம்மாவை வெளியே அனுப்ப நான் யார்?

ஷெர்லின் அம்மாவையே பார்க்கிறாள். கண்ணை எடுக்கவில்லை. பதினாறு வரியையும் சொல்லிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்டபின் ஜெயகுமாரி நிற்பாரா போவாரா என்பதுதான் எனக்குத் தெரியாது.

பாலகுமார் மட்டும் இன்னும் திருப்தியில்லாமல் தலையை ஆட்டுகிறான். கதவோரம் இரண்டு ஆள் நிற்கிற இடம் காலியாம். ஒன்றில் நான் போய் நிற்கிறேன். இன்னொன்று உங்களுக்கு. வாருங்கள், நெருங்கி நில்லுங்கள். அவன் பட்டனை அழுத்திவிட்டான். இனி நான் வாயைத் திறந்தால் அதுவும் பாட்டில் பதிந்துவிடும்.