குளிரறையில் அறுபத்து நான்கு ரயில்கள்

அம்மா லெனாட் அண்ணைக்கு வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டத் தொடங்கி இன்றோடு பத்தொன்பது நாள். கைபேசியைப் பிடிப்பது நான். கழுத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. முதல் ஆறு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் கதைத்தார். பின்னால் தெரிந்த பச்சைச் சுவரைப் பற்றி அண்ணை கேட்டபோது, "பெயின்ற் அடிச்சனாங்கள் தம்பி," என்றார்.

"ஏன் அம்மா பொய்?" என்று பிறகு கேட்டேன்.

"வெளியிலை கிடந்து கஷ்டப்படுற பிள்ளைக்கு ஏன் சொல்லுவான்? வேலையை விட்டிட்டு ஓடிவருவான்."

உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் இதே வழக்கம்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருவருக்கும் நோய் வருவதில்லை. செத்தால் மட்டும் அறிவிப்பார்கள்.

அண்ணை லண்டனில் மாதிரி ரயில்கள் வாங்குகிறார். அவை பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, பொருத்திப் பூட்ட வேண்டும். அவர் இதுவரை ஒன்றைக்கூடப் பூட்டவில்லை. அங்கே இடமில்லை என்று கப்பலில் இங்கே அனுப்புகிறார். ஒருநாள் வந்து நின்று ஆறுதலாகப் பூட்டுவாராம். முன்பு பார்சலில் பால்மாவும் சொக்கிலேற்றும் வரும். இப்போது அந்த இடத்தையும் ரயில்கள் பிடித்துவிட்டன. மொத்தம் அறுபத்து நான்கு பெட்டிகள்.

வீட்டின் நல்ல அறை அவற்றுக்கு. இருபத்து நான்கு பாகையில் ஏசி. யன்னலுக்கு வலை. மூலையில் ஒரு கமரா. அண்ணை எந்த நேரமும் தன் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா படுத்திருக்கும் விறாந்தையில் கமரா இல்லை.

"நீ சயன்ஸ் படிச்சனிதானே," என்று அந்த அறையின் ஈரப்பதன் அளக்கும் வேலையை அண்ணை எனக்குத் தந்தார். காலையும் மாலையும் ஆறரைக்கு அளந்து அனுப்புகிறேன். பௌதிகவியல் பட்டத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே உத்தியோகம் இது.

கதவைத் திறந்ததும் மட்டையும் பசையும் கலந்த குளிர் நாற்றம் தொண்டையில் ஒட்டும். வழியில் கிழிந்து வந்த பெட்டி ஒன்றினுள் பார்த்தேன். விரல் நகமளவு பயணிகள், தொப்பி போட்டு, பாதங்கள் பிளாஸ்டிக் கம்பியில் ஒட்டியபடி வரிசையாக நின்றார்கள். பாதத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மூடிவிட்டு வெளியே வந்து ஓங்காளித்தேன். அம்மாவின் கால் புண்ணைக் கழுவும்போது எனக்கு அருவருப்பு வருவதில்லை. அந்த அறைக்குள்தான் வருகிறது.

கட்டு மாற்றும் நேர்ஸ் போன கிழமை சொன்னார். "சுகர்ப் புண். குளிரான இடத்திலை, இலையான் மொய்க்காமல் வைச்சிருங்கோ. இனியும் பழுதானால் கணுக்காலோடை போயிடும்."

அப்படியான இடம் வீட்டில் ஒன்றே ஒன்று.

"அது தம்பின்ரை அறை," என்றார் அம்மா. "கமராவிலை கண்டால் ஏன் மாத்தினியள் எண்டு கேப்பான். நான் என்னத்தைச் சொல்லுறது?"

இன்று மத்தியானம் கட்டை அவிழ்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு சிறு கொத்து. இலையான் முட்டை. நுனி கூரான சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ரயில் பூட்டுவதற்கென்று அண்ணை அனுப்பிய சாவணம். அதற்கு இன்றுதான் முதல் வேலை.

"என்னடி பாக்கிறாய்?" என்றார் அம்மா.

"ஒண்டும் இல்லை," என்றேன். எனக்கும் பொய் வருகிறது.

பின்னேரம் அண்ணை அழைப்பு எடுத்தார்.

"தங்கச்சி, நேற்று ஈரப்பதன் அறுபத்தாறு வீதம் காட்டியிருக்கு. கதவைத் திறந்து வைச்சனியோ?"

"இல்லை அண்ணை."

"கவனம். இன்னும் ஏழு பெட்டி வருது. அம்மாவின்ரை கட்டிலை முற்றத்துப் பக்கம் தள்ளினால் விறாந்தையிலையும் கொஞ்சம் அடுக்கலாம். என்னம்மா?"

"ஓம் தம்பி. எனக்கு அங்காலை காத்து நல்லம்."

"பார், குமரி மாதிரி இருக்கிறா," என்று அண்ணை சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அவர் நெற்றியில் ஒரு இலையான் வந்து குந்தியது.

"அதென்ன, இலையானே?"

"பலாப்பழம் வெட்டினது தம்பி."

இந்த வருடம் எங்கள் வீட்டில் பலாப்பழமே வெட்டவில்லை.

"பழத்தை அறைக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ," என்றார் அண்ணை. "பெட்டியளிலை எறும்பு ஏறும்."

அண்ணை கதைக்கும்போது நான் இடையில் புகுந்ததே இல்லை. யாரிடமும் புகுந்ததில்லை. நான் வாய் திறக்கப்போவது அம்மாவுக்கு என் மூச்சிலேயே விளங்கியிருக்க வேண்டும். படத்துக்கு வெளியே கையை நீட்டி என் மணிக்கட்டைக் கிள்ளினார்.

"அண்ணை."

"என்ன?"

அம்மா இன்னும் இறுக்கிக் கிள்ளினார். நான் கைபேசியை மெதுவாகக் கீழே இறக்கினேன். கழுத்து, சட்டை, போர்வை, கடைசியாகக் கட்டு.

"அம்மாவின்ரை வலது காலிலை மூண்டு விரலை வெட்டி எடுத்து இண்டைக்குப் பத்தொன்பது நாள்."