தோள் வெடி

மேஜர் வெங்கடரமணனின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. காலையில் திருப்பதியில் அவருக்கு முடி காணிக்கை, தரிசனம் எல்லாம் முடித்துவைத்து, தன் காரிலேயே சித்தூருக்கு அழைத்து வந்திருந்தார் துப்பாக்கிப் பட்டறை முதலாளி சிவசங்கரன். மேஜர் தலையசைத்தால் போதும், பட்டாளத்துக்குப் பயிற்சித் துப்பாக்கி செய்து கொடுக்கும் கான்ட்ராக்ட் கைக்கு வந்துவிடும். அப்புறம் காட்டுப்பன்றி விரட்டும் குடியானவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி விற்றுக் காலம் தள்ள வேண்டாம்.

அந்தக் கான்ட்ராக்டைக் கெடுக்கத்தான் தாட்சாயணி விஜயபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

போன வேர்க்கடலைப் பருவத்தில் அவள் புருஷன் எத்திராஜ், கடலைக் கொல்லையில் இறங்கிய பன்றியைக் குறிவைத்துச் சுட்டான். சிவசங்கரனிடம் வாங்கிய புதுத் துப்பாக்கி. குழல் வெடித்து, இரும்புச் சில்லு அவன் நெற்றியில் பாய்ந்தது. நியாயம் கேட்டுப் போனவளைச் சிவசங்கரன் வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏமம்மா, உன் புருஷன் குடிச்சிட்டு வெடிமருந்தை அளவு தெரியாம திணிச்சிட்டான். அதுக்கு நான் இன்னா செய்ய? நம்பலன்னா மெட்ராஸ்ல போய்க் கேளு. உங்க ஊருதான் அந்தப் பக்கம் சேரப் போவுதாமே!"

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று எல்லைப் பேச்சு சூடாக இருந்த சமயம். பட்டறையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காத எத்திராஜ், குடிகாரன் என்ற பேரோடு போய்ச் சேர்ந்தான். புருஷன் செத்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்க விடவில்லை.

பட்டறையில் குழல் கடைபவன் அவள் தம்பி சின்னசாமி. மேஜர் வரும் நாளைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னவன் அவன்தான். அக்கா ஏன் திருப்பித் திருப்பிக் கேட்கிறாள் என்று அவன் யோசிக்கவில்லை.

தாட்சாயணியோடு பக்கத்துக் கொல்லைக்காரர் முனிசாமியும் வந்திருந்தார். எத்திராஜோடு சேர்ந்து போய் அவர் வாங்கிய துப்பாக்கி தோளில் தொங்கியது. அந்தச் சாவுக்குப் பிறகு அவர் அதில் மருந்து போட்டதே இல்லை.

பட்டறைக்குப் பின்னால் பாறையடியில் பரீட்சை நடந்தது. பளபளத்த மாதிரித் துப்பாக்கிகள் எல்லாம் நன்றாகவே சுட்டன.

"இத்தனை வருஷமா குடியானவங்களுக்குக் குடுக்கறேன் சார். ஒரு புகார் உண்டா?" என்றார் சிவசங்கரன்.

"இருக்குது அய்யா!" என்று உள்ளே வந்தாள் தாட்சாயணி. "என் புருஷன் இவர் துப்பாக்கியாலதான் செத்தாரு."

"மறுபடியும் வந்துட்டியா? புத்தி கலங்கின பொம்பள சார்."

"கலங்கிதான் போச்சி. தெளிய வையேன்!" அவள் மேஜர் பக்கம் திரும்பினாள். "எங்க பக்கம் ஒரு வழக்கம் அய்யா. புதுத் துப்பாக்கியைச் செஞ்சவரே தன் தோள்ல வெச்சி மொத வெடி வெடிக்கணும். தோள் வெடின்னு பேரு. அப்புறம்தான் வாங்கறவன் வெத்தல பாக்கு வெச்சி எடுத்துக்கினு போவான். இவங்க நைனா கடைசி வரைக்கும் வெடிச்சாரு. பட்டாளத்து வேல வருதுன்னதும் இவரு வுட்டுட்டாரு. உங்களுக்கெல்லாம் வெடிக்க நேரமில்லன்னாரு. இது அப்ப வித்த துப்பாக்கி. இப்ப வெடிக்கச் சொல்லுங்க."

முனிசாமி துப்பாக்கியை மேஜையில் வைத்தார். "மருந்தையும் அவரே அளந்து போடட்டும். நாங்க குடிகாரனுங்க!"

மேஜருக்குச் சிரிப்பு வந்தது. "நியாயமாத்தானே கேக்கறாங்க? சுடுங்க சிவசங்கரன்."

சிவசங்கரன் துப்பாக்கியைத் தொடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"எனக்குத் தோள் வலி சார். டேய் சின்னசாமி! நீ வந்து சுடு."

இப்படி ஆகும் என்று தாட்சாயணி எண்ணவில்லை. சின்னசாமி வந்தான். துப்பாக்கியை எடுத்தான். குழலை ஒருமுறை தடவினான். அவள் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் அவனே அதைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் சுட மாட்டேன் மொதலாளி."

"ஏண்டா?"

"இது தண்ணிக் குழாய். நல்ல எஃகை எல்லாம் பட்டாளத்து மாதிரிக்கு எடுத்து வெச்சிட்டு, ஊராளுங்க துப்பாக்கிக்குப் பழைய தண்ணிக் குழாயை அறுத்துக் கடையச் சொன்னீங்க. நான்தான் கடைஞ்சேன்."

மேஜர் சிரிப்பை நிறுத்தினார். குழலின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "மாதிரிகளை எடுத்து உள்ளே வைங்க. கான்ட்ராக்ட் கிடையாது. போலீசுக்கு நானே எழுதறேன்" என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவசங்கரன் "சார், சார்" என்று அவர் பின்னால் குனிந்து நின்றார். இந்தக் கோலத்தைத்தான் தாட்சாயணி இத்தனை நாளும் கண்ணை மூடிப் பார்த்துவந்தாள். நேரில் நடக்கும்போது அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தம்பியிடம் போனாள்.

"மாமாவுக்குக் குடுத்ததும் இதான்னு உனக்குத் தெரியுமா?"

"விக்கும்போது தெரியாதுக்கா. அவர் செத்தப்புறம்தான்..." சின்னசாமி அழுதான். "ஒரு பருவம் தாங்கும்னு நெனச்சேன். வாயத் தொறந்தா வேல பூடும்னு..."

"அவரைக் குடிகாரன்னு சொல்லிச் சிரிச்சாங்களே. நீயும் அங்கதான நின்னுக்கினு இருந்தே?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜர் பக்கம் பார்த்தான்.

"அக்கா, வூட்டுக்குப் போய்ப் பேசலாம்க்கா."

தாட்சாயணி மேஜரிடம் போனாள்.

"இவன் பேரு சின்னசாமி அய்யா. கொழாய் கடைஞ்சவன். இவன் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க."