ஏலிக்குட்டி கொடுத்த மாத்திரைகள்

கணவர் உலகன்னான் வாயை மூடிக்கொண்டது தன்னைப் பழிவாங்கத்தான் என்று ஏலிக்குட்டி முடிவு கட்டியிருந்தாள். ஈஸ்டர் அன்று அவள் தன் தம்பி குரியாச்சனை வீட்டுக்கு அழைத்துக் கள் விட்டுப் புளிக்கவைத்த கள்ளப்பமும் கோழிக்கறியும் பரிமாறினாள். வேலித் தகராறு ஒன்றில் முறைத்துக்கொண்டு அந்த மச்சானோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் உலகன்னான். அன்றைக்குச் சாப்பிடாமல் போய்ப் படுத்தவர், மழைக்காலம் பிறந்தும் சரியாக எழுந்தபாடில்லை.

கேரளத்துப் பாலாவில் அவர்கள் வீடிருந்த மலைச்சரிவு முழுக்கக் கேட்ட குரல் அவருடையது. எழுபத்து நாலு வயதிலும் ரப்பர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் காலைக் காபி. சீட்டு மேஜையில் அவர் தோற்றால் தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவர் இப்போது சவரம் செய்வதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை. சீட்டாடக் கூப்பிட வந்தவர்களைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நாடகம்?” என்று ஏலிக்குட்டி வாசற்படியில் நின்று கேட்பாள். பதில் வராது. வராத பதிலுக்கும் சேர்த்து அவளே திட்டுவாள். உயிரோடு இருக்கும்போதே தன்னை விதவையாக்கிவிட்டதாகச் சொல்வாள். பிணத்துக்குக் கஞ்சி ஊற்றுவதாகச் சொல்வாள். ஒரு நாள் மட்டும் அவர், “எழுந்து என்ன செய்யப்போறேன், ஏலி?” என்றார். அதையும் அவள் குத்தலாகவே எடுத்துக்கொண்டாள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அவள் ஒரு வேளையும் தவறவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில் தேவாலய முற்றத்தில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருப்பதாகச் சொல்லி ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிறகு ஊரில் இன்னொரு டாக்டர் பார்த்து வேறு மாத்திரை எழுதினார். பழையது இருப்பதை அந்த டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. நாளைக்கு இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் நாத்தனார் தன்னைத்தான் பிடித்துக்கொள்வாள் என்று பயந்து, ஏலிக்குட்டி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டி, அவர் விழுங்கும்வரை நகரமாட்டாள்.

அந்த நாத்தனார் மடத்தில் இருக்கும் சிஸ்டர் பிலோமினா. மாதம் ஒருமுறை வந்து அண்ணன் தலைமாட்டில் ஜெபம் சொல்லிவிட்டு, சமையலறைக்கு வந்து ஏலிக்குட்டியிடம் குறை சொல்வாள். அண்ணன் இளைத்துவிட்டார், விரிப்பு மாற்றவில்லை, வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்பதில்லை. “மடத்துல மணியடிச்சா சோறு. உனக்கென்ன தெரியும் குடும்பத்தைப் பத்தி?” என்று ஏலிக்குட்டி திருப்பிக் கொடுப்பாள்.

ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்குப் பொறுமை போயிற்று. மூன்றாவது முறை ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு திரும்பியவள், முன்கதவைத் திறந்து ஓங்கிச் சாத்திவிட்டு உரக்கச் சொன்னாள். “வா குரியாச்சா, உள்ளே வா. அவர் கிடக்கட்டும், அவர் நாற்காலியிலேயே உட்காரு.”

வந்தவர் யாருமில்லை. கோபத்திலாவது எழட்டும் என்று சொன்ன பொய். எழுந்தும்விட்டார். கட்டில் கிறீச்சிடுவதைக் கேட்டு அவள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். இரண்டடி வைத்திருப்பார். கண் செருகி, நிலைப்படியில் தலை மோதி விழுந்தார். ரத்தம் அவள் காலடிவரை வந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருத்தி அவர் படுத்திருக்கும்போது ஒரு தரமும், தாங்கிப் பிடித்து நிற்க வைத்து ஒரு தரமும் அழுத்தம் பார்த்தாள். நின்றதும் அது பாதாளத்துக்கு இறங்கியது. மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. பக்கத்தில் நின்ற பிலோமினா, “கொன்னுட்டியே, சேடத்தி” என்று அண்ணியிடம் சத்தமில்லாமல் சொன்னாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாத்தனாரிடம் ஏலிக்குட்டி பதிலில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

டாக்டர் உலகன்னானோடு தனியாக வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். அழுத்தம் இறங்கியதால் சோர்வும் தலைசுற்றலும் இருந்திருக்கும், ஆனால் கதை அதோடு முடியவில்லை என்றாள். முகாமுக்கு முன்பிருந்தே அவருக்கு உயிர் வாழப் பிடிக்கவில்லையாம். அது கோபமில்லை, பிடிவாதமில்லை, மனச்சோர்வு என்ற நோய். அதற்குத் தனி மருந்து, பேச ஒரு ஆள், பல வாரம் ஆகும்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்று ஏலிக்குட்டி கேட்டாள். சொல்லியிருந்தால் அவள் என்ன பதில் கொடுத்திருப்பாள் என்று டாக்டர் கேட்கவில்லை. ஏலிக்குட்டிக்கே அது தெரியும்.

மருந்து மெல்லத்தான் வேலை செய்தது. ஓணம் கழிந்த பிறகு ஒரு மத்தியானம் அவர் தானே சவரம் செய்துகொண்டு மேஜைக்கு வந்தார். அவள் மீன்குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கிடந்தப்போ நீ சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு” என்றார் அவர். “பிணம்னு சொன்னது. விதவைன்னு சொன்னது. எல்லாம்.”

“விழுந்துச்சுன்னா அப்பவே திருப்பித் திட்டியிருக்கணும். நாப்பத்தெட்டு வருஷமா திட்டினீங்களே.”

“வாய் திறக்க முடியல, ஏலி. நீ நல்லாத் தெரிஞ்சுக்க, முடியல.”

அவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் திரும்பி வந்திருந்த பழைய கடுகடுப்பைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை. “ஈஸ்டருக்கு என் தம்பிக்கு நீங்க மரியாதை கொடுத்திருந்தா...” என்று தொடங்கினாள்.

“மாத்திரைய இனிமே நீ தொடாதே” என்றார் அவர்.

சாப்பிட்டு முடித்து அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். பிறகு டாக்டர் சொன்னபடி கட்டிலில் சற்று உட்கார்ந்து, மெதுவாக எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு சீட்டாடப் போனார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

அவர் விழாமல் வளைவு திரும்புகிறாரா என்று ஏலிக்குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திரும்பிய பிறகு, “போய்த் தொலையட்டும்” என்றாள்.