பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு

...கேட்கவே இல்லையே, அதுதானே உறுத்துகிறது, ரெனே ஒரு பையனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்றால் அவனைத்தான் மனதில் வைத்திருக்கிறான் என்று அர்த்தம், குளிர்காலம் முழுக்க ஒரே அரங்குகளில் உட்கார்ந்து வறுத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு எத்தனை பையன்களைப் பற்றி வம்பளந்திருக்கிறோம், கோல்பி டிரேகர் பெயரை மட்டும் அவன் உச்சரித்ததே கிடையாது... மார்லா கொஸ்டியுக் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கத்து மேசைக்கு ஓட்டினாள். அவளைப் போலவே இன்னோர் அணிக்கு ஆள் தேடித் தரும் ரெனே சூரியகாந்தி விதையை மென்று காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். கடன்காரன், எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்! பன்னிரண்டாவது முறை அவனுடைய அணிக்கு. மார்லாவின் அணிக்கோ பத்தொன்பதாவது. அதுவரை கோல்பி மிச்சமிருப்பானா? சத்தியமாக இருக்க மாட்டான். வின்னிபெக் ஐஸ் ஹாக்கி அரங்கின் பனித்தளத்தில் கம்பளம் விரித்து, மேசைகள் போட்டு, அணிகளை வரிசையாகக் கூப்பிட்டு, இளம் ஆட்டக்காரர்களில் ஆளுக்கொருவனைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், இப்போதுதான் ஒன்பதாவது பெயரை வாசித்தார்கள், அந்தப் பையன் மேடையில் புது அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்... பதினொன்றாவது முறை வேண்டும். ரெனேயை முந்த அதை விட்டால் வேறு வழி இல்லை. அது விட்லாக்கின் அணியிடம் இருக்கிறது, விட்லாக்கோ பேரம் பேசாமல் சொந்தப் பிள்ளைக்கு முத்தம்கூடக் கொடுக்க மாட்டான்.

அவள் அணியின் மேலாளர் லைல் போடின் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான். "பத்தொன்பதையும் ரெண்டாவது சுத்துல நம்ம முறையையும் தர்றேன்னேன். அடுத்த வருஷத்து ரெண்டாவது சுத்தும் வேணுமாம். ஆசையைப் பாரு அவனுக்கு!" குடுத்துடு என்றாள் மார்லா. "குடுத்துடுவா? உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" அப்பன் வீட்டுச் சொத்தில்லைதான், ஆனால் போன தடவையும் இப்படித்தானே மென்று விழுங்கினான், அந்த கோல்கீப்பரை எடு எடு என்று தொண்டை கிழியக் கத்தினாளே, கேட்டானா, இன்றைக்கு அந்த கோல்கீப்பர் வேறு ஊரில் வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவளுடைய ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது, உரிமையாளர் ஏற்கெனவே, அந்தம்மாவுக்கு ஆட்டம் என்ன தெரியும் என்று காதுபடவே கேட்டாயிற்று. கோல்பி ரெனேயிடம் போனால் இரண்டு குளிர்காலம் பாழ். வாங்கி, அவன் சொதப்பினாலோ அவளே பாழ். இருக்கட்டுமே! கண் பார்த்தது கண் பார்த்ததுதானே...

என்ன பாடு பட்டிருக்கிறாள், அவனைப் பார்க்க, அதைவிட, பார்ப்பதை மறைக்க! வண்டிக் கதவு உறைந்துபோகும் குளிரில் ஊர் ஊராகப் போய், கோலுக்குப் பின்னால் வாசலை ஒட்டிய இருக்கையில் மஞ்சள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, பையனிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவன் அம்மா எதிரே வந்தால் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி, மூன்று பீரியட் ஆட்டத்தில் இரண்டாவது முடிந்ததுமே கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். ரெனேயும் மற்றவர்களும் பார்க்கட்டும், கொஸ்டியுக்குக்கு இவன்மேல் அக்கறை இல்லை என்று நினைக்கட்டும். அப்புறம் விடுதி அறையில் போர்வைக்குள் புகுந்து மூன்றாவது பீரியடை வீடியோவில் போட்டுப் பார்ப்பாள். ஐயோ, அந்த மூன்றாவது பீரியட்! அதுவரை ஒழுங்காக, அடக்கமாக ஆடும் பையன் திடீரென்று கட்டவிழ்த்து விட்டதுபோல் பாய்வான், எதிரி எவனும் அவனைத் தாண்டிக் கோல் பக்கம் போக முடியாது. தனியாகப் படுக்கையில் கிடந்து கைதட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி மாதிரி.

பத்தாவது பெயர்... கோல்பி இல்லை, அப்பாடா. "ஒண்ணே ஒண்ணு சொல்லு மார்லா," லைலின் கழுத்து வியர்த்திருந்தது, "கால் சோர்ந்துபோற நேரத்துல இவன் எப்படி?" அவள் யோசிக்காமல் சொன்னாள். "மூணாவது பீரியட்ல அவன் ஆளே வேற லைல். பேய் புடிச்ச மாதிரி ஆடுவான். ஒரு தடவைகூட அவன் சோர்ந்து நான் பார்த்ததில்ல." லைல் அவளையே பார்த்தான், பார், நன்றாகப் பார், ஏழு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன், இன்றைக்காவது நம்பித் தொலையேன்... "சரி விட்லாக்," என்றான் போனில், "எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நல்லா இரு." ஒலிபெருக்கி, முறை கைமாறியது என்று அறிவித்ததும் அரங்கமே ஓவென்று இரைந்தது, மேடையில் லைல் கோல்பி டிரேகர் என்று சொன்னபோது மார்லா பக்கத்து மேசையைத்தான் பார்த்தாள், அதைப் பார்க்காமல் எப்படி, ரெனே துப்ப மறந்து விதையைத் தோலோடு விழுங்கிவிட்டு இருமினான். ஜெயித்தாயிற்று! அவளுக்கு மேசைமேல் ஏறி ஆட வேண்டும்போல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெனேயே எழுந்து வந்தான். "அடிப்பாவி, நீ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கலையேடி! பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுவியே!" "அதான் தொழில், ரெனே. போய்த் தண்ணி குடி, விதை இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

லைல் மேடையிலிருந்து பையனை அழைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான், பெரிய கை, காதெல்லாம் சிவப்பு, பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு அவன் அம்மா. எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டே வந்தவன் மார்லாவிடம் நின்றுவிட்டான். "மேடம்... நீங்கதானே அந்த மஞ்சத் தொப்பி?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, இவங்கதாம்மா! என்னைப் புடிக்காத லேடி!" பையன் சிரித்தான், அம்மாவும் அழுகையோடு சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க மேடம், ஒவ்வொரு தடவையும் நீங்க பாதியில எந்திரிச்சுப் போறப்ப எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். போறியா, போ, நீ எதை விட்டுட்டுப் போறேன்னு காட்டறேன்னு... அதுக்கப்புறம் வெறியோட ஆடுவேன்." மார்லாவும் சிரித்தாள், இருவரையும் கட்டிக்கொண்டாள், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, இவன் நம்மவன், இனி நம்மவன்... நில், என்ன சொன்னான்? அதுக்கப்புறம் என்றானே. அவள் நேரில் போகாத ஆட்டங்களின் மூன்றாவது பீரியடைப் பார்த்திருக்கிறாளா? யோசித்தாள். தான் போன ஆட்டங்களைத்தானே ராத்திரி போட்டுப் பார்த்தாள், போகாததை எதற்குப் பார்க்க, அப்படியென்றால் அந்த வெறியெல்லாம் அவள் எழுந்து போனதால்தானா... லைல் அவள் தோளில் ஓங்கித் தட்டினான், இத்தனை வருஷத்தில் அவன் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. "அக்டோபர்ல முதல் ஆட்டத்துக்கு என் பக்கத்துலயே உக்காரு மார்லா. இனி என்ன ஒளிவு மறைவு, கடைசி நிமிஷம் வரைக்கும் ஜோரா உக்காந்து பார்ப்போம்!" பார்ப்போம் என்றாள் அவள், பையன் இன்னும் சிரித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான், உட்காருவதா... எழுந்து போவதா?